பழைய கோபோல், புதிய கோபோல்

கணினிக்குத் தூசி ஆகாது. அதனால் காலையில் முதல் ஆளாக வந்து நானே துடைத்துவிடுவேன். ஈப்போவில் இந்தச் சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கு அப்போது ஒரே இயந்திரம்தான். அதற்குள் கோபோல் என்ற நிரல் மொழியின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் தனித்தனியாக இருந்தன. தோட்டங்களின் பழைய கணக்கு பழையதில்தான் ஓடும், புதுக் கணக்கு புதியதில்தான். இரண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இயந்திரத்தைப் பரிசோதிக்க வந்த நீங்கள், பழைய பதிப்பு ஏன் திரையில் புதியதின் எண்ணைக் காட்டுகிறது என்று கேட்கிறீர்கள். நான்தான் மாற்றினேன்.

எண்பத்தாறில் இருளாயி இங்கே வேலை செய்தாள். தாப்பா பக்கத்துத் தோட்டத்துப் பெண். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் வேலை கிடைத்தால் அம்மா முத்தம்மாவோடு அங்கே போய்விடலாம் என்றிருந்தாள். கெட்டிக்காரி. நான் சொல்லிக்கொடுக்காததையும் தெரிந்துகொண்டாள். கோலாலம்பூர் அவளைக் கெடுத்துவிடும் என்று எனக்குப் பட்டது.

அந்த வேலைக்கு அவளைச் சோதிக்கப் பெரிய முதலாளி வந்த அன்று, அவள் எழுதிய நிரலுக்குப் புதியது ஓட வேண்டிய இடத்தில் பழையதை ஓடவிட்டேன். அவள் விவரமானவள், பதிப்பு எண்ணைப் பார்க்காமல் தொடங்க மாட்டாள். அதனால்தான் அந்த எண்ணையும் மாற்ற வேண்டியிருந்தது. கொஞ்சம் மெனக்கெட்டேன்.

திரை நிறையப் பிழைகள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நேத்து ஓடுச்சுண்ணே. சத்தியமா ஓடுச்சு.”

“நீதான் எங்கயோ தப்பா எழுதியிருப்ப. எல்லாருக்கும் இது வராது லா, விடு.”

முதலாளி கிளம்பிப் போனதும் எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். அந்த எண்ணை மட்டும் திருப்பி மாற்ற மறந்துவிட்டது. அவள் திரும்ப ஓட்டிப் பார்த்திருந்தால் ஓடியிருக்கும். ஆனால் அதன்பின் அவள் விசைப்பலகையைத் தொடவே பயந்தாள்.

லயத்தை இடித்தபோது தாயையும் மகளையும் என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். தை மாதத்தில் தாலி கட்டினேன். அண்ணே என்று கூப்பிட்டவள் இப்போது என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை. சில நாள் சோறு போடும்போது, “அன்னைக்கு எங்க தப்பு பண்ணேன்?” என்று கேட்பாள். “முற்றுப்புள்ளி வைக்காம விட்டிருப்ப” என்று ஏதாவது சொல்வேன். தலையாட்டிக்கொள்வாள். அந்த நேரம் அவள் மேல் எனக்குப் பிரியமாக இருக்கும்.

அவளிடம் சொல்லிவிடுங்கள் என்கிறீர்கள். சொன்னால் போய்விடுவாளே. என்னை விட்டால் அவளுக்குப் போக்கிடம் ஏது? அதை யோசித்துத்தானே எல்லாம் செய்தேன்.