கடைசிச் சுற்றில் ஒரு வளையம்

காப்பியில் சர்க்கரை வேண்டாம், ஹால்வர்சன் தம்பி. விரல் பிசுபிசுத்தால் நூலைத் தொட முடியாது. இங்கே நூல் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பழக்கம்தான். உங்கள் ஷெரிப் அலுவலக வாசலிலேயே நான் லேஸ் போடும் ஷட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நூல் சுற்றிய, விரல் நீளம்கூட இல்லாத குட்டிப் படகு அது. அதை வைத்துக்கொண்டு நான் யாரை என்ன செய்துவிடப் போகிறேன்.

அந்த லேஸ் விரிப்பை மடித்து உறையில் போட்டிருக்கிறீர்களே, முதலில் அதை எடுத்து மேசையில் விரித்து வையுங்கள். கஞ்சி போட்ட லேஸை மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் நூல் முறியும். ஆயிற்றா? இனி நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். லவோன் படிக்கட்டில் விழுந்தபோது நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து டாட்டிங் போட்டவர்கள், அதாவது முடிச்சு முடிச்சாகப் போட்டு வளையம் வளையமாக லேஸ் பின்னுவது. உங்கள் அம்மாவும் கொஞ்ச நாள் வந்தார், பொறுமை போதவில்லை. லவோனுக்குக் கை வேகம், கண் சோம்பல். ஊர்க்கதை பேசிக்கொண்டே முடிச்சுப் போடுவாள். தப்பைக் காட்டினால், "யாருடி கிட்ட வந்து மோந்து பாக்கப் போறா?" என்பாள். நான் பார்ப்பேன். கோடைக் கண்காட்சியில் லேஸ் பகுதி என் பொறுப்பு. எல்லாருடைய வேலையையும் கறுப்பு வெல்வெட்டில் விரித்து ஊசி குத்துவது நான். கறுப்புத் துணி எதையும் மறைக்காது. அவளுடைய தப்புகள் வருஷா வருஷம் அதில் பல்லைக் காட்டும். ஜனங்களோ அதன் முன்னால்தான் நின்று வாயைப் பிளப்பார்கள். எனக்கு வயிறு எரியும். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பரிசுகள் என் வீட்டில் வைக்க இடமில்லாமல் கிடக்கின்றன.

அன்று மத்தியானம் விரிப்பு முடிந்துவிட்டது என்று கூப்பிட்டாள். போனேன். அடுப்பில் ருபார்ப் கேக் வெந்துகொண்டிருந்தது. சமையலறை மேசையில் விரிப்பைப் போட்டாள். நல்ல வேலை, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைசிச் சுற்றில் ஒரு வளையத்தைப் பக்கத்துக் கண்ணியில் கோக்காமல் அதற்கும் அடுத்ததில் கோத்திருந்தாள். அந்த இடம் மட்டும் கிண்ணம் மாதிரி எழும்பி நின்றது. உள்ளங்கையால் அழுத்தினேன். மறுபடி எழும்பியது.

டாட்டிங்கில் மூடிய வளையத்தைப் பிரிப்பது ஆகாத வேலை. வெட்டத்தான் வேண்டும். கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வைடி அத, ஆர்டிஸ். உன்னக் கடுப்பேத்தணும்னே அப்படியே விட்டிருக்கேன். டாராவுக்குப் போட்டோகூட அனுப்பிட்டேன், இதப் பாத்தா ஆர்டிஸுக்கு ஜுரம் வரும்னு."

டாரா அவளுடைய தங்கை மகள்.

"ரெண்டு வளையந்தான், லவோன். வெட்டிட்டு, புது நூல் சேத்து நானே போட்டுத் தரேன்."

"கோணலா இருந்தாலும் அது என்னோடதுடி. கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டு உன்னோடதப் பாரு, போ."

சிரித்துக்கொண்டே விரிப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். கீழ்த்தளத்தில் துவைக்கும் தொட்டி இருக்கிறது, அங்கே அலசப் போகிறாளாம். நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் பின்பக்கமாக நடந்து இழுத்தாள். நான் தள்ளவில்லை, இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் லேஸ் கிழிந்திருக்கும். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்திருந்ததும், அதற்கப்புறம் படிக்கட்டு என்பதும் எனக்குத் தெரியும். லேஸ் கிழியக் கூடாதே என்று கையை விட்டேன்.

கீழே இறங்கிப் பார்க்கவும் செய்தேன். ஒரு கால் மடங்கிக் கிடந்தாள். விரிப்பு அவள் கையிலேயே இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மேலே வந்து கதவைச் சாத்தினேன். கேக் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது, அடுப்பை அணைத்து அதை வெளியே எடுத்துவைத்தேன். கருகிப் போனால் வீணாகிவிடும். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து வெட்டினேன், புது நூல் சேர்த்தேன், இரண்டு வளையத்தையும் போட்டேன். ஓரத்தில் கொஞ்சம் ரத்தம் பட்டிருந்தது. பச்சைத் தண்ணீரில் அலசினால் போய்விடும், வெந்நீர் மட்டும் கூடாது. சோளமாவுக் கஞ்சி காய்ச்சி, பலகையில் இழுத்து ஊசி குத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் டாராதான் கதவைத் திறந்து பார்த்தாள். கால் தவறி விழுந்துவிட்டாள் என்று ஊரே சொன்னது. நானும் சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பெரியம்மாவின் கடைசி வேலை என்று டாரா விரிப்பைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தாள். வெல்வெட்டின் நட்ட நடுவில் மாட்டினேன். முதல் பரிசு. அன்றுதான் அந்தப் பெண் கையில் போனை வைத்துக்கொண்டு, அதைப் பார்ப்பதும் விரிப்பைப் பார்ப்பதுமாக நெடுநேரம் நின்றாள்.

"அந்தக் கோணல் வளையம் எங்க போச்சு, ஆர்டிஸ் ஆன்ட்டி?"

லேஸில் இருந்த தப்பைத் திருத்தப்போய்த்தான் நான் உங்களிடம் மாட்டிக்கொண்டேன். தப்போடு விட்டிருந்தால் இன்று வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் விட்டிருக்க முடியாது, தம்பி.

டாரா வெளியே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதானாம். பெரியம்மா விழுந்ததும் போய்விட்டாளா, இல்லை உயிரோடு கிடந்தாளா. வீடு அமைதியாக இருந்தது என்று அவளிடம் சொன்னேன். கிட்டத்தட்ட அப்படித்தான். கதவு சாத்தியிருந்ததே.

பூதக்கண்ணாடி இருந்தால் கொண்டுவாருங்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, நானே காட்டுகிறேன். நான் போட்டதில் இரண்டாவது வளையம், இதோ. மற்றதைவிட ஒரு பொட்டு பெரிது. ஒரு முடிச்சு கூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து, "ஆர்டிஸ், டாக்டருக்குப் போன் பண்ணுடி, காலத் தூக்க முடியல" என்று கீழேயிருந்து கூப்பிட்டாள். "இந்த வளையத்த மூடிட்டு வரேன்" என்று நானும் பதில் சொன்னேன். விரலில் நூலைச் சுற்றிக்கொண்டு பாதியில் எழுந்திருக்க முடியாது. அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை. அதற்குள் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

அவள் மட்டும் கொஞ்சம் சத்தம் போடாமல் கிடந்திருந்தால், இந்த வளையமும் சரியாக வந்திருக்கும்.