அத்தான் இல்லையென்றால்

எனக்கு ஐஸ்கிரீம் பிடிக்காது, ஐயா. பல் கூசும். இதைச் சொன்னால் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

எங்கள் கடை என்பது ஒரு பேச்சுக்குத்தான். பெயர், சுவர் வண்ணம், கரண்டி எல்லாம் தலைமை நிறுவனத்தினுடையவை. அந்தப் பெயரில் இந்த வட்டாரம் முழுக்கக் கிளை திறக்கிற உரிமை மட்டும் எங்கள் கூட்டு நிறுவனத்துக்கு. கூட்டு என்றால் என் அக்காவின் கணவரும் நானும். செருப்புத் தேயத் தேய இடம் பார்த்தவன் நான். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுகிறவர் அத்தான்.

அதனால் என் பெயரில் ஒரு புது நிறுவனத்தைப் பதிவு செய்தேன். கிளை உரிமையை அதற்கு மாற்றிக் கொடுக்கலாமே என்று அத்தானிடம் பணிவாகத்தான் கேட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"குருவி தலையில பனங்காயா, மாப்ளே? போ, போயி கரண்டி கழுவியாச்சான்னு பாரு."

வேலை செய்கிற பெண்கள் எதிரிலேயே சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. போய்ப் பார்த்தேன், கரண்டிகள் கழுவியிருந்தன.

பிறகு வக்கீலைக் கேட்டேன். "மாத்திக் குடுக்கணும்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அவரு இல்லேன்னா நீங்க ஒருத்தரே போட்டாப் போதும்" என்றார். 'ஊரில் இல்லையென்றால்' என்றுதான் சொல்ல வந்தாராம், இப்போது விளக்குகிறார். சொல்ல வந்ததை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். படித்தவர் பேச்சை நான் திருத்த முடியுமா?

ஐஸ்கிரீம் சரக்கை உறைய வைக்கிற எங்கள் குளிர் அறையின் உள்பக்கக் கைப்பிடி ரொம்ப நாளாக வேலை செய்யவில்லை. ஆள் வைத்துச் சரிசெய்வது தண்டச் செலவு என்பார் அத்தான். பதிலுக்கு ஒரு வழக்கம் கொண்டுவந்தார். உள்ளே போகிறவர் தன் தொப்பியைக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். கடையைச் சாத்துகிற அம்மா ஆணியைப் பார்ப்பார். தொப்பி இல்லையென்றால் கதவைப் பூட்டுவார். கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படியான ஏற்பாடு.

அன்று மாலை அத்தான் சரக்குப் பார்க்க உள்ளே போனார். அவர் தொப்பி ஆணியில் தொங்கியது, அழுக்குத் தொப்பி. துவைக்கலாம் என்று எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். பூட்டியது அந்த அம்மா. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நல்ல மனுஷி, அவரை விட்டுவிடுங்கள்.

"உங்க அத்தான் இருக்காரா?" என்று கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்.

"இல்லேம்மா" என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அதன்பின் குளிர் அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து, உரிமை மாற்றப் பத்திரத்தில் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டேன். அவர் இல்லாததால் ஒருவனாகவே போட்டேன். முறைப்படிதான் எல்லாம்.

தட்டுகிற சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. ஆனால் அத்தான் எந்தக் கதவையும் தட்டுகிற மனிதர் இல்லை, ஐயா. என் அறைக்குள் வரும்போதுகூடத் தட்டியதில்லை. அதனால் வேறு யாரோ என்று இருந்துவிட்டேன்.