ஆசெனுக்கு மட்டும் இரண்டு

எந்தக் கோப்பைத் திறந்தாலும், அதில் கை வைப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுவேன். கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, என் பெயரின் முதல் எழுத்துகள், அன்றைய தேதி. எட்டு வருடப் பழக்கம். ஏதாவது சொதப்பினால் பழையதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். நான் ஒழுங்கான ஆள் மேடம், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு எழுதினால் போதும்.

நாங்கள் சமோகோவில் மூன்று பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகம். பனிச்சறுக்கு விடுதிகளுக்கு வலைத்தளம் செய்து கொடுப்போம். எழுதுவது நான். ராலிட்சா வடிவமைப்பு: நிறம், எழுத்து, படம் எல்லாம் அவள் பொறுப்பு. மூன்றாவது ஆள் ஆசென். அவன் போன வருடம்தான் கடற்கரை ஊரான புர்காஸிலிருந்து வந்தான்.

ஒரு வலைப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நேற்று கேட்டீர்கள். எளிமையாகச் சொல்கிறேன். நீங்கள் பார்க்கிற முகம் எச்.டி.எம்.எல். தலைப்பு, பத்தி, கட்டம் எல்லாம் அதுதான். அதற்கு நடுவே நான் பி.எச்.பி. என்ற மொழியில் சில வரிகள் எழுதுவேன். அவை உங்கள் கணினிக்கு வருவதே இல்லை. எங்கள் சர்வரிலேயே ஓடி முடிந்து, விடை மட்டும் உங்களுக்கு வரும். சாப்பாட்டுக் கடையில் தட்டுதானே மேசைக்கு வருகிறது? சமையலறையில் யார் என்ன கலந்தார்கள் என்று தட்டைத் திருப்பிப் பார்த்தால் தெரியுமா?

இரண்டையும் தனித்தனிக் கோப்பாக வைக்கலாம். அதுதான் அழகு என்பார்கள். நான் கலந்தே எழுதுவேன். ஆரம்பத்தில் அது அவசரத்தால். மேலே ஒரு கட்டம், அதற்குள் ஒரு நிபந்தனை, அதற்குள் இன்னொரு கட்டம், அதன் நிறத்தைத் தீர்மானிக்க இன்னொரு நிபந்தனை. ராலிட்சா ஒரு நிறத்தை மாற்றப் போய் ஒரு மேற்கோள் குறியை அழித்துவிடுவாள், பக்கம் முழுவதும் வெள்ளையாகிவிடும். உடனே எழுந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள்.

"லூபென் அண்ணே, மறுபடியும் உடைச்சுட்டேன். திட்டாம சரி பண்ணிக் குடுங்க."

நான் திட்டியதே இல்லை. அவள் கையில் பாதி தின்ற பனித்சாப் பலகாரம் இருக்கும். அதன் துகள்கள் என் விசைப்பலகையில் உதிரும். அந்த விசைப்பலகையை நான் தட்டிச் சுத்தம் செய்ததில்லை.

ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வருவாள். நான் எண்ணியிருக்கிறேன். பன்னிரண்டு தடவை வந்த நாளும் உண்டு. அதற்குப் பிறகு நான் வேண்டுமென்றே கலக்க ஆரம்பித்தேன். எழுத்தின் அளவு, படத்தின் ஓரம், இரண்டு வரிக்கு நடுவிலுள்ள இடைவெளி எல்லாவற்றையும் நிபந்தனைகளுக்குள் கொண்டுபோய் வைத்தேன். என்னைக் கேட்காமல் அவளால் ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்த முடியாது. இதைத் தவறு என்று சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வேலை எதுவும் நிற்கவில்லை, பக்கங்கள் சரியாகத்தான் ஓடின. மூன்று வருடம் அப்படி நன்றாக இருந்தோம், அவளும் நானும்.

அண்ணே என்று கூப்பிட்டாளே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் வயதில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

ஆசென் வந்த இரண்டாவது நாள் என் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தான்.

"அண்ணே, இது கோப்பா, பூனை விளையாடின நூல்கண்டா? ஒரு முனைய இழுத்தா மொத்தமும் வருது!"

"நீ மீன் பிடிக்கிற ஊர்க்காரன். வலையப் பிரிக்கத் தெரியாதா உனக்கு?" என்றேன்.

"பிரிச்சுக் காட்டறேன் பாருங்க."

பிரித்தான். ஐந்து மாதத்தில் எல்லா விடுதிகளின் பக்கங்களையும் பிரித்துவிட்டான். என் வரிகள் ஒரு பக்கம், முகம் மறுபக்கம். ராலிட்சா தன் இடத்திலிருந்தே நிறம் மாற்றினாள், படம் மாற்றினாள். எதுவும் உடையவில்லை. முதல் நாள் அவள் கைதட்டியது ஞாபகம் இருக்கிறது.

"ஆசென், நீ சாமிடா! இனிமே லூபென் அண்ணனத் தொந்தரவு பண்ண வேண்டாம்."

தொந்தரவு என்று அவள் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. அவள் மறந்துவிட்டாள், அவ்வளவுதான். அன்று அவள் என் நாற்காலிப் பக்கம் ஒரு தடவை வந்தாள், காகிதம் வைக்கும் அலமாரியைத் திறக்க. மறுநாள் அதுவும் இல்லை. பனித்சா துகள்கள் ஆசெனின் மேசையில் கிடந்தன. அவன் அவற்றைக் கையால் வழித்துக் குப்பைக்கூடையில் போட்டான். நான் பார்த்தேன்.

பிரிக்காமல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பக்கம். மலையேற்றச் சங்கத்துக்கு நாங்கள் சேவையாகச் செய்துகொடுத்த பனிச்சரிவு எச்சரிக்கைப் பக்கம். மீட்புக்குழுவின் ஸ்பாஸ் மாமா தினமும் மாலை நான்கு மணிக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண் போடுவார். இரண்டு என்றால் கவனமாகப் போகலாம். நான்கு என்றால் சரிவுப் பக்கம் தலையே வைக்கக் கூடாது. சங்க உறுப்பினர்கள் தங்கள் பெயரில் நுழைந்து பார்ப்பார்கள். பக்கம் அவர்களைப் பெயர் சொல்லி வரவேற்று, கட்டத்துக்குள் எண்ணைக் காட்டும். ஒரே கோப்பு, இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள், முழுக்கக் கலந்தது. குளிர்காலம் முடிந்ததும் அதையும் பிரிப்பதாக ஆசென் சொல்லியிருந்தான்.

மார்ச் முதல் தேதி எங்கள் ஊரில் மார்தெனித்சா கட்டுகிற நாள். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலை ஒருவருக்கொருவர் மணிக்கட்டில் கட்டி நன்றாக இருங்கள் என்று வாழ்த்துவோம். முதல் நாரையைப் பார்க்கும்வரை கழற்றமாட்டோம். ராலிட்சா எனக்கு ஒன்று கட்டினாள். கடையில் அட்டையில் குத்தி விற்பார்களே, அது. ஆசெனுக்குக் கட்டியது அவள் கையால் பின்னியது. நடுவில் ஒரு சின்ன மரமணி கோத்திருந்தாள்.

"என்ன, எனக்கு மட்டும் மணி?" என்றான் அவன்.

"மாட்டுக்குக் கட்டுவாங்க இல்ல? தொலைஞ்சு போனா தேடிக் கண்டுபிடிக்கலாம்," என்றாள்.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மதியம் இருவரும் சாப்பிடப் போனபோது அந்தக் கோப்பைத் திறந்தேன். நகல் எடுத்துக்கொண்டேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது வரியில், கட்டத்தின் எச்.டி.எம்.எல். தொடங்குவதற்கும் எண் வருவதற்கும் நடுவில், ஒரு நிபந்தனை சேர்த்தேன். பார்ப்பவர் ஆசெனாக இருந்து, எண் இரண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு என்று காட்டு. அவ்வளவுதான். மற்ற எல்லாருக்கும் ஸ்பாஸ் மாமா போட்ட எண்ணே தெரியும். சுற்றிலும் கலந்து கிடக்கும் வரிகளில் அது ஒன்றும் உறுத்தவில்லை. சுத்தமாகப் பிரித்த கோப்பாக இருந்தால் அந்த வரிக்கு ஒளிய இடமே இருந்திருக்காது. கலந்து எழுதுவதில் ஒரு பயனும் இல்லை என்று ஆசென் சொல்வான். அது சரியல்ல.

மார்ச் மூன்று தேசிய விடுமுறை, இந்த வருடம் சனிக்கிழமை. விடுமுறை என்றால் ஆசென் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக மலையேறுவான் என்பது எல்லாருக்கும் தெரியும். கடற்கரையில் வளர்ந்தவன், பனியைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. பக்கத்தில் என்ன எண் வருகிறதோ அதுதான் அவனுக்கு மலை.

வியாழக்கிழமை இரவெல்லாம் மேலே பேய்க்காற்று, பனியை வாரிச் சரிவுகளில் குவித்தது. வெள்ளி மாலை நான்கு மணிக்கு ஸ்பாஸ் மாமா எண் போட்டார். நான்கு. என் திரையில் பார்த்தேன்.

"அண்ணே, ரெண்டுதான் போட்டிருக்கு! நீங்களும் வாங்களேன் நாளைக்கு," என்று ஆசென் குரல் கொடுத்தான்.

"எனக்கு முட்டி வலிடா. நீ போயிட்டு வா."

அப்போது ராலிட்சா எழுந்தாள். அவள் உள்ளூர்ப் பெண். இந்த மலைகள் அவளுக்குப் பழக்கம்.

"ரெண்டா? நேத்து அந்தக் காத்து அடிச்சுதே?"

"நீயே வந்து பாரு."

அவள் போனாள். அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவன் தோளில் கை ஊன்றிக் குனிந்து பார்த்தாள். என்னிடம் வந்தபோதெல்லாம் அவள் தோளில் கை வைத்ததில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

"ரெண்டுதான். அப்போ நானும் வர்றேன்," என்றாள்.

"நிஜமா? பாதி வழியில கால் வலிக்குதுன்னு உக்கார மாட்டியே?"

"போடா! ஏழு வயசுலேர்ந்து ஏறுறேன், நீ என்னைத் தூக்கிட்டுப் போற ஆளா? எண்ணுல சந்தேகம் இல்ல. லூபென் அண்ணன் எழுதின பக்கம், தப்பா வராது. என்ன அண்ணே?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எண்ணப் போடறது ஸ்பாஸ் மாமா. நான் காட்டறதோட சரி," என்றேன்.

அந்தப் பதிலில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதைக் கவனியுங்கள்.

பிறகு நான் என் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிவரை எழவில்லை, காப்பி குடிக்கக்கூடப் போகவில்லை. அவள் வந்து கேட்டால் சொல்வதாக இருந்தேன். முன்பெல்லாம் ஒரு காற்புள்ளிக்காக வந்தவள், மலையேறுவதற்கு முன் ஒரு தடவை என் நாற்காலிப் பக்கம் வரமாட்டாளா? பக்கத்தில் நின்று, "அண்ணே, உங்க திரையில என்ன இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். திரையைத் திருப்பிக் காட்டியிருப்பேன். அவளுக்காக இரண்டு மணி நேரம் அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன்.

ஆறு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்று கையசைத்தாள். மணிக்கட்டில் அவளுடைய நூல் ஆடியது.

"வர்றேன் அண்ணே. திங்கக்கிழம பாப்போம்."

மீதி உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை பத்தரை மணிக்குச் சரிவு விழுந்தது. ஆசென் ஓரமாகத் தள்ளப்பட்டு, தொடை எலும்பு முறிந்து பிழைத்தான். ராலிட்சாவை மாலையில்தான் தோண்டி எடுத்தார்கள். மரமணி கட்டியவனைத் தேட வேண்டியே இருக்கவில்லை.

என்னை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, அவர்கள் கிளம்பியபின், அந்த வரியை எடுத்துவிட வீட்டிலிருந்தே கோப்பைத் திறந்தேன். திறந்ததும் என் கை தானாக ஒரு நகல் எடுத்தது. எட்டு வருடப் பழக்கம் என்று சொன்னேனே. வரியை அழித்தேன். அந்த வரியோடு இருந்த நகல் சர்வரிலேயே கிடந்தது. அதன் பெயர் என் எழுத்துகளிலும் தேதியிலும் முடிவதால், அதை ஓட்டவேண்டிய நிரல் என்று சர்வருக்குத் தெரியாது. முகவரியைச் சரியாக அடிக்கிற யாருக்கும் அதை அப்படியே, சமையலறையோடு சேர்த்து, எழுத்தாகக் காட்டிவிடும். அன்று மற்ற எல்லாருக்கும் நான்கு தெரிந்தது என்று கேள்விப்பட்டதும், ஆசென் மருத்துவமனைப் படுக்கையில் மடிக்கணினியை வாங்கி, பக்கத்தின் பெயர், புள்ளி, என் எழுத்துகள், மூன்றாம் தேதி என்று அடித்திருக்கிறான். முதல் முயற்சியிலேயே கிடைத்ததாமே. என் கோப்புகளை அவ்வளவு கவனமாகப் படித்தவன் வேறு யாரும் கிடையாது.

ஆமாம், ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது வரியை எழுதியது நான்தான். ஆசென் மலையில் சாகவேண்டும் என்பதற்காகவே எழுதினேன். அதில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ராலிட்சாவையும் நான் கொன்றதாக வாக்குமூலத்தின் இரண்டாவது பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தவேண்டும். வெள்ளிக்கிழமை அவள் போனபின், ஆறேகால் மணிக்கு, அவளுடைய கடவுச்சொல்லைப் போட்டு அவள் பெயரில் நுழைந்து சோதித்தேன். 'வணக்கம், ராலிட்சா' என்று வந்தது. கீழே சிவப்புக் கட்டத்தில் நான்கு. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அவள் தொலைபேசி எண் எனக்கு மனப்பாடம். ஆனால் அவள் தன் இடத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அதுதானே தெரிந்திருக்கும்?

மூன்று வருடத்தில் ராலிட்சாவிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, மேடம்.