கையெழுத்தில்லாத கடிதம்

வந்தவள்: ...அதுவரைக்கும் கர்ப்பம் கலையாம இருக்க ஹார்மோன் மாத்திரை குடுக்கிற ஆராய்ச்சி. அப்புறம் அதே மாத்திரை கெடுதல்னு நிரூபிக்கிற ஆராய்ச்சி. திடீர்னு ஏன் மேடம் கட்சி மாறினீங்க?

பேராசிரியர்: விஞ்ஞானத்துல கட்சியெல்லாம் கிடையாதும்மா. தப்புன்னு தெரிஞ்சா மாத்திக்கணும்.

வந்தவள்: முப்பது வருஷமா வேற எதையுமே நீங்க தொடலையே.

பேராசிரியர்: ஓய்வு பெறப் போறவளைப் பத்தி பத்திரிகையில அரைப் பக்கம் எழுதணும்னுதானே போன்ல சொன்னீங்க? போலீஸ் மாதிரி துருவுறீங்க.

வந்தவள்: படிக்கிறவங்க கேப்பாங்க இல்ல...

பேராசிரியர்: நான் ஒண்ணு கேக்கட்டுமா? அரை மணி நேரமா பேசறேன். நீங்க பேனா மூடியைக்கூடத் திறக்கல.

வந்தவள்: எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி.

பேராசிரியர்: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன்னு ஹார்மோன் பேரெல்லாம் தண்ணிபட்ட பாடா சொல்றீங்க. இதுவரைக்கும் வந்த நிருபருங்க ஒருத்தர் வாயிலயும் அது ஒழுங்கா நுழைஞ்சதில்ல. யாரும்மா நீங்க? மாத்திரைக் கம்பெனி அனுப்பிச்சுதா?

வந்தவள்: கம்பெனியா... சிரிப்புதான் வருது.

பேராசிரியர்: அவங்க வக்கீலுங்களும் சிரிச்சுக்கிட்டேதான் வருவாங்க.

வந்தவள்: சரி, நிருபர் இல்ல. பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். அந்தப் பேரெல்லாம் ஆஸ்பத்திரியில கத்துக்கிட்டது. நாலு வருஷமா போய்ட்டு வரேன்.

பேராசிரியர்: ...எதுக்கு?

வந்தவள்: இந்தக் கடிதத்தைப் படிங்க, தெரியும்.

பேராசிரியர்: இருங்க, கண்ணாடியை எங்கேயோ...

வந்தவள்: போட்டுக்கிட்டுதான் இருக்கீங்க. பரவாயில்ல, நானே படிக்கிறேன். 'நீங்கள் கருவில் இருந்தபோது உங்கள் தாயாருக்கு ஒரு ஹார்மோன் மாத்திரை கொடுக்கப்பட்டது. அது உங்கள் கர்ப்பப்பையைப் பாதித்திருக்கக்கூடும். உடனே பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.' அவ்வளவுதான். பேர் இல்ல, கையெழுத்து இல்ல.

பேராசிரியர்: யாராவது வேலையத்தவங்க போட்டிருப்பாங்க.

வந்தவள்: எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். கிழிச்சுப் போடுன்னார். எனக்கு மனசு கேக்கல. போனேன். புற்றுநோய்னாங்க. ஆரம்ப நிலைதான், ஆனா இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா ஆளே இல்லையாம். கர்ப்பப்பையை எடுத்துட்டு என்னைத் திருப்பி அனுப்பினாங்க.

பேராசிரியர்: குழந்தை...?

வந்தவள்: இல்ல.

பேராசிரியர்: ...தண்ணி குடிக்கிறீங்களா?

வந்தவள்: பேச்சை மாத்தாதீங்க. எங்க அம்மாவைக் கேட்டேன். ரெண்டு தடவை கலைஞ்சுபோய், நான் வயித்துல இருந்தப்போ ஒரு ஆராய்ச்சியில சேந்தாங்களாம். வெள்ளை கோட்டு போட்ட சின்னப் பொண்ணு ஒருத்தி தினமும் மாத்திரை குடுப்பாளாம். ரொம்ப அன்பா பேசுவாளாம். இடது புருவத்துல ஒரு தழும்பு.

பேராசிரியர்: அந்த ஆஸ்பத்திரியில எத்தனையோ பேர் வேலை பாத்தோம்.

வந்தவள்: புருவத்துல தழும்போட எத்தனை பேர்?

பேராசிரியர்: ...ஆராய்ச்சியில சேந்தவங்க பேர், விலாசம் எல்லாம் ரகசியம். வெளியில கொண்டுபோனா ஜெயில், தெரியுமா?

வந்தவள்: கொண்டுபோனீங்களா?

பேராசிரியர்: ஆராய்ச்சியை மூடும்போது ரெஜிஸ்டரை எரிக்கச் சொன்னாங்க. நான் எரிச்சது என்னோட காலேஜ் நோட்டு.

வந்தவள்: அப்போ இந்தக் கடிதம் நீங்கதான்.

பேராசிரியர்: மாத்திரை குடுத்துப் பாத்த எலிங்களுக்கு வந்தது மனுஷங்களுக்கும் வரும்னு உறுதியாக இவ்வளவு வருஷம் ஆச்சு. ஆனதும் போட்டேன். நூத்திப் பதினாலு பேருக்கு. பாதி போய்ச் சேந்தே இருக்காது, விலாசம் மாறிப்போயிருக்கும்.

வந்தவள்: நான் சண்டைக்கு வரல மேடம். உயிரைக் காப்பாத்தினவங்களைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னுதான் தேடிக்கிட்டிருந்தேன். ஆனா ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. நல்லது செய்யறவங்க எதுக்கு ஒளியணும்? ஜெயிலுக்குப் பயமா?

பேராசிரியர்: அப்படியே வெச்சுக்கோ.

வந்தவள்: வெச்சுக்க மாட்டேன். நாலு வரி எழுதின கை, அஞ்சாவதா ஒரு பேரை எழுதாம ஏன் நின்னுச்சு?

பேராசிரியர்: விடேம்மா... நன்றி சொல்ல வந்தே, சொல்லிட்டே. நிம்மதியா வீட்டுக்குப் போ.

வந்தவள்: நீங்க என் முகத்தைப் பாக்கவே மாட்டேங்கறீங்க.

பேராசிரியர்: மாத்திரை சாப்பிட்ட எலிங்களோட குட்டிங்களுக்குக் கர்ப்பப்பை கோணலா வளந்திருந்ததை நான் என் கண்ணால பாத்தது பிப்ரவரியில. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னார் எங்க ஆராய்ச்சித் தலைவர். விடல. உங்க அம்மா ஆராய்ச்சியில வந்து சேந்தது அதே வருஷம் ஏப்ரல்ல.