யாரோ ஒருத்தியின் நுரையீரல்

2010-இல், கலிபோர்னியாவில் சான் ஹோசே போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள்.

"என் புருஷன் கஞ்சாவ உத்துப் பாக்கற மாதிரி என்னை ஒரு நாளும் பாத்ததில்லக்கா," என்றாள் இளையவள்.

"லேப் வேலைதானடி?" என்றாள் மூத்தவள்.

"ஆமா. பேஷண்டுங்களுக்கு மருந்தா குடுக்கற கஞ்சா. டெஸ்ட் பண்ணணும்னு ஸ்டேட்ல இன்னும் ரூல்கூட கெடையாது. இவரா ஒவ்வொண்ணையும் டெஸ்ட் பண்ணி, தேதி போட்டு லேபிள் ஒட்டறார். பூஞ்சை இருந்தா யாரோ ஒருத்தியோட லங்ஸுக்கு ஆகாதாம். குடுத்து வச்சவ! நான் இங்க மூணு வாரமா இருமறேன்."

"கண்டுக்கவே இல்லையா?"

"நேத்து ஒரு சிரப் எடுத்துக் குடுத்தார்."

"அப்புறம் என்னடி?"

"லேபிளை நான்தான் படிச்சேன். எக்ஸ்பயர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு."