முதல் பதினைந்து லிட்டர்

அது நல்ல கருவி. அதைப் பற்றி உங்கள் பொலிஸ் அறிக்கையில் எழுதியிருப்பது பிழை. அந்தப் பிழைக்காகத்தான் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தேன். நேப்பிள்ஸ் கப்பலுக்குச் சீட்டு எடுத்து வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவரின் பத்திரிகையில் செய்தி இருந்தது: பெற்றோல் அளவைப் பிழையாகக் காட்டிய மின்னணுக் கருவியால் இஞ்சினியர் கரூவானாவின் விமானம் சார்தீனியாவுக்கு அருகே கடலில் விழுந்தது. அந்தக் கருவி பொய் சொல்லாது. அதற்கு என்ன பழக்குகிறோமோ அதைத்தான் சொல்லும்.

என் பெயர் அகஸ்ரின். இஞ்சினியர் வீட்டில் அகொஸ்தீனோ. யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் ரேடியோ திருத்தினேன். பலேர்மோவில் ஏழு வருடம் இஞ்சினியர் வீட்டில் வேலை செய்தேன். பிறகு வந்து சேர்ந்த என் மனைவி புனிதமலருக்குச் சமையலும் துப்புரவும். எனக்குத் தோட்டமும் காரும், பின்னாளில் விமானமும்.

ஓய்வு பெற்றபின் அவர் வீட்டுக் கராஜில் இரண்டு இருக்கை விமானம் ஒன்றைத் தானே கட்டினார். கண்ணாடி நாரில் பிசின் பூசிச் செய்த உடல். பிசின் காய்ந்ததும் சாண்ட் பேப்பரால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். பெண்ணின் கைதான் அதற்குப் பொருத்தம் என்று மலரை அந்த வேலைக்கு விட்டார். தூசி பறந்தால் அயலவர்கள் முறைப்பாடு செய்வார்கள் என்று கதவைச் சாத்தச் சொன்னார். முகமூடி ஒன்றுதான் இருந்தது. அதை அவர் போட்டிருந்தார்.

ஆரம்பத்தில் மலர் பகிடி விட்டாள்.

"இஞ்சேருங்கோ, இந்தச் சாமான் உண்மையா பறக்குமோ? இல்லாட்டி எங்களை மாதிரி கராஜுக்கையே கிடக்குமோ?"

"பறக்கும். அவர் இஞ்சினியரெல்லே."

"அப்ப ஒருநாளைக்கு என்னையும் ஏத்தச் சொல்லுங்கோ. இவ்வளவு தேய்ச்சனான்."

"பெர்மெஸ்ஸோ இல்லாமல் மேலை போனா அங்கையும் பிடிப்பாங்கள்."

சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. மூன்று மாதத்தில் சிரிக்காமலே இருமினாள். பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி எனக்கு இருந்தது, அவளுக்கு இல்லை. இஞ்சினியர் வேலைக் கடிதம் தந்தால் கேட்டுப் பார்க்கலாம். நாளைக்கு என்பார். அவருடைய நாளைக்கு இரண்டு வருடம் நீண்டது.

1995 ஆவணி, ஒரு ஞாயிறு, பகல் இரண்டரை மணி. இரண்டிலிருந்து நான்கு வரை அவர் உறங்குவார், கதவைத் தட்டக் கூடாது, அது அந்த வீட்டின் சட்டம். அவர் மனைவி சிஞ்ஞோரா எலேனா தன் தங்கையிடம் போயிருந்தார். தொலைபேசி இஞ்சினியரின் படுக்கையறையில் இருந்தது. மலருக்கு மூச்சு ஏறவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. மூன்று தரம் தட்டினேன். திறக்காமலே என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"அம்புலன்ஸ் வந்தால் பின்னாலேயே பொலிஸ் வரும், அகொஸ்தீனோ. பத்திரம் இல்லாதவளை வைத்திருந்ததற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஜன்னலைத் திறந்துவிடு. நாலு மணிக்கு என் நண்பர் டாக்டரைக் கூப்பிடுகிறேன்."

சரி சிஞ்ஞோர் என்றேன். தெருமுனைப் பாரில் ஒரு தொலைபேசி இருந்தது. ஏன் அங்கே ஓடவில்லை என்று கேட்பீர்கள். ஆறு வருடமாகச் சரி சிஞ்ஞோர் என்று சொல்லிப் பழகிய கால்கள் அவை. அப்படிப் பழக்கியவர் அவர். அதற்கும் அவரே பொறுப்பு.

கராஜில் கிடந்த விமானக் கருவிகளின் விலைப்பட்டியலை எடுத்து அவளுக்கு விசிறினேன். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு விசிறுவதை நிறுத்தினேன். நாலு மணிக்கு அவர் எழுந்து கோப்பி கேட்டார்.

அடக்கத்துக்குச் சிஞ்ஞோரா மட்டும் கோயிலுக்கு வந்தார். மலருக்கு உடுத்தத் தன்னுடைய நீலப் பட்டுடையைக் கொண்டுவந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்மீது எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. இதை என் பக்கத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் பெனடிக்ற் அப்படியே இத்தாலியனில் சொல்ல வேண்டும்.

மார்கழியில் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை வந்தது. சாப்பாட்டு மேசை முழுவதும் விலைப்பட்டியல்களைப் பரப்பினார். நான் விசிறிய பட்டியலும் அதில் கிடந்தது. பழைய முறை என்றால் முள் வைத்த வட்டக் கருவிகள், பெற்றோல் தாங்கியோடு ஒரு கண்ணாடிக் குழாய். எவ்வளவு நிற்கிறது என்று குழாயில் கண்ணாலேயே பார்க்கலாம். புதிய முறை என்றால் ஒரே பெட்டி. இயந்திரத்தின் சூடு, அழுத்தம், பெற்றோல் எல்லாம் ஒளிரும் இலக்கங்களில் வரும். அவருக்கு ஆங்கிலம் வராது. கைநூலை நான்தான் வாசித்துச் சொன்னேன். பதினோராம் பக்கத்தில், இதை மட்டும் நம்பிப் பறக்க வேண்டாம், குழாயையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவருக்கு வாசித்துச் சொல்லவில்லை.

"அப்படியென்றால் குழாய் தேவையில்லையா?" என்றார்.

"பாரம், சிஞ்ஞோர். உடையவும் கூடும்."

"உன் தலை என் தோட்டத்தில் வீணாகிறது" என்று தோளில் தட்டினார். மலர் இறந்தபின் அவர் என்னைத் தொட்டது அப்போதுதான்.

குழாய் பாரம் என்பது உண்மை. உடையும் என்பதும் உண்மை. நான் பொய் சொல்கிறவன் அல்ல. யாராவது என் முகத்தைப் பார்த்து, இது பாதுகாப்பானதா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. வேலைக்காரனிடம் கேட்க அவருக்கு என்ன இருந்தது?

பெட்டியைப் பொருத்தியபின் அதற்கு அளவு பழக்க வேண்டும். வெறுந்தாங்கியில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு ஐந்துக்கும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். தொடங்கும்போது இரண்டு மணி ஆகிவிட்டது. நீ முடித்துவிடு என்று அவர் உறங்கப் போனார்.

பொத்தானை மூன்று தரம் அழுத்தினேன். அதன்பிறகுதான் ஊற்றத் தொடங்கினேன்.

அன்றிலிருந்து அந்தக் கருவிக்கு வெறுந்தாங்கி என்றால் பதினைந்து லிட்டர். எந்தப் பயணத்துக்கும் அவசரத்துக்கென்று அவர் மிச்சமாக வைப்பதும் பதினைந்து லிட்டர்தான். பாரம் கூடும் என்று அதற்குமேல் ஒரு துளி ஏற்றமாட்டார். பெற்றோல் ஊற்றுவது என் வேலை. தாங்கி வெறுமையாகக் கிடந்து அவர் பார்க்க நான் விட்டதில்லை. பலேர்மோவுக்கு மேலே வட்டமடிக்கும்வரை ஒன்றும் ஆகாது. தூரக் கடலும் கொஞ்சம் எதிர்க்காற்றும் வேண்டும். பொறுத்திருந்தேன். மலர் முப்பத்தைந்து நிமிடம் பொறுத்தாள். எனக்கு ஆறு மாதம் பெரிதல்ல.

ஆனி மாதம், சனிக்கிழமை காலை, பொக்காதிபால்கோ விமானத் திடல். சார்தீனியாவுக்கு அவர் தனியாகப் போவதாகத்தான் இருந்தது. சிஞ்ஞோரா ஒரு சாப்பாட்டுக் கூடையோடு வந்து நின்றார்.

"இவர் என்னைவிட அதிகம் காதலித்தது இதைத்தான். ஒருதரம் ஏறிப் பார்க்கிறேன்."

"உன் எடை எத்தனை, எலேனா? பொய் சொல்லாதே, பாரம் கணக்குப் பார்க்க வேண்டும்."

சிஞ்ஞோரா சிரித்துக்கொண்டே ஒரு எண்ணைச் சொன்னார். நான் பெற்றோல் ஊற்ற ஊற்ற, பெட்டியின் இலக்கம் ஐம்பதைக் காட்டியதும், போதும் என்று இஞ்சினியர் கை காட்டினார். தாங்கியில் இருந்தது முப்பத்தைந்து. மூடியை மூடினேன். இஞ்சினியர் மறுபக்கத்தால் ஏறினார்.

சிஞ்ஞோரா உட்கார்ந்தபின் என் முகத்தைப் பார்த்தார்.

"அகொஸ்தீனோ, நீ சொல். இது பாதுகாப்பானதா?"

"எல்லாவற்றையும் நானே பொருத்தினேன், சிஞ்ஞோரா" என்றேன். அதுவும் உண்மைதான்.

சிஞ்ஞோராவின் இருக்கைப் பட்டி தளர்ந்து கிடந்தது. அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று, குனிந்து நானே அதை இறுக்கிவிட்டேன்.