முன்னேற்றம் இல்லாத மாத்திரை

மெக்கானிக்: ...வேணாம்னு சொல்றேன்ல, விடேன். இந்த மாத்திரை நமக்குச் சரிப்படாது. அடுத்த செய்தியைப் படிக்கிறேன், கேளு.

டெய்லர்: இருங்க, இருங்க. முழுசாப் படிக்காமலே வேணாம்னா எப்படி?

மெக்கானிக்: படிச்சாச்சு. போன்லயே தமிழாக்கி, ரெண்டு தடவை.

டெய்லர்: எலிக்குக் கொடுத்ததா, மனுஷங்களுக்கா? முதல்ல அதைச் சொல்லுங்க.

மெக்கானிக்: மனுஷங்கதான். உன்னை மாதிரி மார்புல புற்றுநோய் வந்து எலும்புக்குப் பரவுனவங்க.

டெய்லர்: அப்பாடா! ஆறு வருஷமா நீங்க படிக்கிற செய்தியில எலிங்கதான் ஜம்முனு குணமாகிட்டு இருக்கு. எலியாப் பொறந்திருந்தா நான் எப்பவோ தேறியிருப்பேன்.

மெக்கானிக்: எலியாப் பொறந்திருந்தா உன்னை எவன் கட்டியிருப்பான்?

டெய்லர்: ஏன்? லிஃப்ட் குழிக்குள்ள நாள்பூரா கிடக்குற ஒரு பெருச்சாளி கட்டியிருக்கும்.

மெக்கானிக்: வாய்... வாய்! குண்டூசியைப் பல்லுல கடிச்சுக்கிட்டுப் பேசாதே, உள்ள போயிடப் போகுது.

டெய்லர்: சரி, எடுத்துட்டேன். அந்த மாத்திரைக்கு என்ன குறை, அதைச் சொல்லுங்க.

மெக்கானிக்: எழுதியிருக்கிறதை அப்படியே படிக்கிறேன். "புதிய மாத்திரை எடுத்தவர்களில், முன்னேற்றம் இல்லாத காலம் நீண்டது." பார்த்தியா? முன்னேற்றமே இல்லையாம்! அதுவும் ரொம்ப நாளைக்கு! இதுக்கு ஒரு ஆராய்ச்சி, அதுக்கு ஒரு பாராட்டு வேற. என்ன, மிஷினை நிறுத்திட்டே?

டெய்லர்: நூல் அறுந்துடுச்சு.

மெக்கானிக்: எங்கே? அப்படியேதானே இருக்கு.

டெய்லர்: ஏங்க... அந்த மாத்திரையை வேணாம்னு சொல்லாதீங்க.

மெக்கானிக்: நமக்கு எதுக்கு அது? போன வாரம் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போன்ல தமிழாக்குனப்பவே முன்னேற்றம்னு வந்திருச்சு. இப்ப சாப்பிடுற மருந்தே போதும்.

டெய்லர்: அது... அப்படி இல்லீங்க.

மெக்கானிக்: எது?

டெய்லர்: அந்த முன்னேற்றம் நமக்கு இல்லே.

மெக்கானிக்: பின்னே யாருக்கு, பக்கத்து வீட்டுக்காரனுக்கா?

டெய்லர்: நோய்க்கு. டாக்டருங்க பாஷையில நோய் வளர்றதுக்கு 'ப்ரோக்ரஷன்'னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கு. உங்க போன் அதை முன்னேற்றம்னு மாத்திடுது. முன்னேற்றம் இல்லாத காலம்னா, நோய் வளராம கிடந்த காலம். லிஃப்ட் நகராம நின்னா உங்களுக்குத் திட்டு விழும். இது நகராம நின்னா எனக்கு நல்லது.

மெக்கானிக்: ஓஹோ.

டெய்லர்: நல்ல மாத்திரைங்க அது. ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க. கட்டியில ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்தாத்தான் கேட்குமாம். நானும் படிச்சிருக்கேன்.

மெக்கானிக்: அப்போ... நம்ம ரிப்போர்ட்ல இருந்த முன்னேற்றம்? அதுவும் நோய்க்குத்தானா?

டெய்லர்: ஆமாங்க. இடுப்பெலும்புல... கொஞ்சம். இப்ப சாப்பிடுற மருந்து கேட்கலை.

மெக்கானிக்: ஏன் சொல்லலே?

டெய்லர்: எப்படிச் சொல்ல? ரிப்போர்ட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு வீடு பூரா ஆடுனீங்க. மாடிவீட்டுக்காரங்களுக்கெல்லாம் கூப்பிட்டு இனிப்பு கொடுத்தீங்க. தொண்டை வரைக்கும் வந்துச்சு. உங்க முகத்தைப் பார்த்துட்டு முழுங்கிட்டேன்.

மெக்கானிக்: ஒரு வாரமா, தனியாவா?

டெய்லர்: பயமாத்தாங்க இருந்துச்சு. அடுத்த வாரம் நானே போய் டாக்டர்கிட்ட அந்த மாத்திரையைப் பத்திக் கேட்கலாம்னு...

மெக்கானிக்: அடுத்த வாரம் எல்லாம் வேணாம். நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் போறோம். ரத்தம் எடுக்கணும்.

டெய்லர்: என்னது? யாரு சொன்னா?

மெக்கானிக்: டாக்டர்தான். நான் இனிப்பு கொடுத்த மறுநாளே போன் பண்ணிட்டாரு. முன்னேற்றம்னா என்னன்னு அவர் சொல்லித்தான் தெரிஞ்சுது. இந்த மாத்திரை பேரைச் சொன்னதும் அவருதான்.

டெய்லர்: அடப்பாவி மனுஷா! அப்போ இவ்வளவு நேரம்... வேணாம் வேணாம்னு?

மெக்கானிக்: நல்ல மருந்தை நான் தள்ளுனா நீ சும்மா விடமாட்டே. உன் வாயாலேயே வரட்டும்னுதான்.

டெய்லர்: நான் ஒரு பைத்தியக்காரி! மனுஷன் இந்த ஒரு வாரமாத்தான் குறட்டை விட்டு நிம்மதியாத் தூங்குறாரு, அதைக் கெடுப்பானேன்னு வாயைக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன்...

மெக்கானிக்: நான் எங்கே தூங்கினேன்? குறட்டைச் சத்தம் கேட்டாத்தான் நீ கண்ணை மூடுறே... அதுக்காக விட்டது அது.